ஊற்றுக்கண்ணுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்

துகள் முடுக்கி பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால் கூடவே ஒரு நீளமும் வரும். ஜெனீவா பக்கத்தில் செர்ன் நிறுவனத்தின் வளையம் 27 கிலோமீட்டர், பூமிக்கடியில் சுமார் நூறு மீட்டர் என்று எழுதுவார்கள். படமும் அந்தச் சுரங்கத்தின் படம்தான். அதற்குள் ஓடுகிற ஈய அணுக்கள் முதலில் எங்கிருந்து கிளம்புகின்றன என்று எழுத ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவை கிளம்புகிற இடம் ஒரு சிறிய உருளை. அதன் உள்ளறையில் ஒரு குடம் தண்ணீர்கூடப் பிடிக்காது.

அந்த உருளையைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. அரசாங்க உத்தியோகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் பௌதிகத்தைப் பிரெஞ்சில் படித்ததனால், இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதைப் படிக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. படிக்கப் படிக்க எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டிருக்கிறது. பெரிய இயந்திரம் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால், அதை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் அதன் தொடக்க வாயை மாற்றிப் பார்க்க வேண்டும். போடுகிற பணத்துக்கு அங்கே கிடைக்கிற பலன் வேறெங்கும் கிடைக்காது.

தமிழில் இதை 'அயனி மூலம்' என்கிறார்கள். பிரெஞ்சில் 'ஸூர்ஸ்'. அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் முதல் அர்த்தமே நீரூற்று. எனக்கு ஊற்று என்று சொல்வதுதான் பிடித்திருக்கிறது. புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆயி மண்டபத்தின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த மண்டபமே முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்ததன் ஞாபகத்துக்காக எழுப்பியது. முத்திரப்பாளையத்துக்குப் போய்ப் பார்க்கிறவர் எத்தனை பேர்? முடுக்கிகளின் கதையும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த ஊற்று என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். சாதாரண அணுவில் நடுவே உள்ள நேர் மின்னேற்றமும் சுற்றி இருக்கிற எலெக்ட்ரான்களின் எதிர் மின்னேற்றமும் சரிக்குச் சரியாக இருக்கும். அதனால் மின்சாரம் வைத்து அதைத் தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. அதிலிருந்து சில எலெக்ட்ரான்களைக் கழற்றிவிட்டால் அது அயனி ஆகிறது. அப்போது மின்சாரத்துக்குக் கட்டுப்படும். எத்தனை எலெக்ட்ரான் கழற்றினோமோ அத்தனை பிடி கிடைத்த மாதிரி. பிடி அதிகமானால் அதே மின்னழுத்தத்தில் வேகமாகத் தள்ளலாம். சைக்ளோட்ரான் என்கிற வட்ட முடுக்கியில் லாபம் இன்னும் கூடுதல். பிராணவாயு அணுவில் மூன்று எலெக்ட்ரான் கழற்றி அனுப்புவதற்குப் பதில் ஆறு கழற்றி அனுப்பினால், அதே காந்தம், அதே கட்டடத்தில், முடிவில் கிடைக்கிற ஆற்றல் நான்கு மடங்கு. ஏற்றம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்பது அங்கே கணக்கு.

ஆனால் கழற்றுவது சுலபமில்லை. வெளியில் இருக்கிற எலெக்ட்ரான் எளிதில் வந்துவிடும். உள்ளே போகப் போகப் பிடிமானம் அதிகம். ஒரே அடியில் எல்லாம் கழன்று வராது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். அதுவரை அந்த அணு சுவரில் மோதாமல் உள்ளேயே நிற்கவும் வேண்டும், அதைத் தட்டுவதற்கு வேகமான எலெக்ட்ரான்கள் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கவும் வேண்டும்.

இரண்டு காரியத்தையும் காந்தம் செய்கிறது. காந்தப் புலத்தில் எலெக்ட்ரான் நேராகப் போகாமல் சுழலும். அது ஒரு வினாடிக்கு எத்தனை முறை சுழலும் என்பது காந்தத்தின் பலத்தைப் பொறுத்தது. அதே தாளத்தில் நுண்ணலையை உள்ளே விட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஒவ்வொரு சுற்றிலும் எலெக்ட்ரானுக்கு வேகம் ஏறும். நம் வீட்டில் சாப்பாடு சூடாக்குகிற மைக்ரோவேவ் அடுப்பின் அலை வினாடிக்கு 245 கோடி துடிப்பு, அதாவது 2.45 ஜிகாஹெர்ட்ஸ். அந்தத் தாளத்துக்கு 0.0875 டெஸ்லா பலமுள்ள காந்தம் போதும். இந்த முறைக்கு எலெக்ட்ரான் சைக்ளோட்ரான் ஒத்ததிர்வு என்று பெயர், சுருக்கமாக ஈ.சி.ஆர். காந்தத்தின் இன்னொரு வேலை காவல். இரண்டு முனையிலும் வளையச் சுருள்கள், பக்கவாட்டில் ஆறு முனைகள் கொண்ட ஒரு காந்தம். நடுவில் பலம் குறைவு, எந்தப் பக்கம் போனாலும் பலம் அதிகம். மூடியில்லாத, சுவரில்லாத பாத்திரம் அது. பிரெஞ்சில் அதைக் காந்தப் புட்டி என்பார்கள்.

இப்படி ஓர் ஊற்றைக் கட்டிக் காட்டியவர் ரிஷார் ழெல்லேர். பிரான்ஸின் அணுசக்தி நிறுவனத்தில், கிரெனோபிள் நகரத்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அவர் குழுவினர் அணுக்கருப் பிணைவு ஆராய்ச்சிக்காகக் கட்டியிருந்த ஒரு பிளாஸ்மா இயந்திரத்தையே மாற்றி அமைத்து 1974-இல் 'சூப்பர் மாஃபியோஸ்' என்ற ஊற்றை ஓட விட்டார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அது மாஃபியா கூட்டமில்லை. முதல் மாதிரிக்கு ஏறக்குறைய மூன்று மெகாவாட் மின்சாரம் வேண்டியிருந்தது. ஓர் ஊருக்கே விளக்கேற்றுகிற மின்சாரம். அவர் அங்கே நின்றுவிடவில்லை. அடுத்து வந்த சிறிய மாதிரியில் பக்கவாட்டுக் காந்தத்தை மின்சாரமே வேண்டாத நிரந்தரக் காந்தமாக்கிச் செலவைப் பலமடங்கு குறைத்தார். அந்த வழியில் வந்த ஊற்றைத்தான் 1986-இல் செர்ன் நிறுவனம் தன் முடுக்கியின் வாயில் பொருத்தியது. அதுவரை புரோட்டானை ஓட்டிக்கொண்டிருந்த பழைய வளையத்தில் அந்த வருஷம் பிராணவாயு அயனி ஓடியது, அடுத்த வருஷம் கந்தகம், 1994-இல் ஈயம். வளையம் அப்படியே இருந்தது. மாறியதில் முக்கியமானது வாய்.

ழெல்லேர் சொன்ன இன்னொரு விதிதான் மீக்கடத்து காந்தங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. நுண்ணலையின் துடிப்பு கூடக் கூட, உள்ளே எலெக்ட்ரான்களின் நெருக்கம் அதன் இருமடி அளவில் கூடும் என்றார். துடிப்பு இரண்டு மடங்கானால் நெருக்கம் நான்கு மடங்கு. அப்படியானால் துடிப்பைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். துடிப்பு கூடினால் காந்தமும் கூட வேண்டும் என்பதுதான் சிக்கல். 28 ஜிகாஹெர்ட்ஸ் துடிப்புக்கு ஒத்த தாளம் 1 டெஸ்லா. புட்டியின் பக்கச் சுவர் அதைவிட இரண்டு மடங்கும், நுழைவாய்ப் பக்கம் நான்கு மடங்கும் பலமாக இருந்தால்தான் உள்ளே இருப்பது சிந்தாது. நான்கு டெஸ்லா காந்தத்தைச் செம்புக் கம்பியில் செய்யப் போனால் கம்பி சூடாகி, குளிர்விக்கிற தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்டி மாளாது. நயோபியம்-டைட்டானியம் கம்பியை மைனஸ் 269 டிகிரி வரை குளிரவைத்தால் அதில் மின்தடையே இருக்காது. எவ்வளவு மின்சாரம் ஓடினாலும், ஒரு வரம்பு வரை, சூடேறாது. அதுதான் மீக்கடத்தி.

இந்த வகையில் பேர் பெற்றது அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தின் 'வீனஸ்'. 28 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும்படி வடிவமைத்த முதல் மீக்கடத்து ஊற்று அது. என் கட்சிக்கு முக்கிய சாட்சி வீனஸ் அல்ல, வீனஸ் எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் சைக்ளோட்ரான். அதன் காந்த முனையின் விட்டம் 88 அங்குலம், பெயரும் அதுவே. அது 1961-இல் ஓடத் தொடங்கியது. நம்மில் பலர் அரை நிக்கரோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ முடுக்கிகளை மூடிவிட்டார்கள். இது மூடவில்லை. 1980களின் நடுவில் ஓர் ஈ.சி.ஆர். ஊற்று வைத்தார்கள், பிறகு அதைவிட நல்லதாக இன்னொன்று, 2000-க்குப் பிறகு வீனஸ். ஒவ்வொரு முறையும் பழைய சைக்ளோட்ரானுக்கு எட்டாத வேலை எட்டியது. விண்வெளிக்குப் போகிற மின்னணுச் சில்லுகள் அங்குள்ள கதிர்வீச்சைத் தாங்குமா என்று இங்கே அயனிகளால் அடித்துச் சோதிக்கிறார்கள். 2024-இல் இதே சைக்ளோட்ரானில் டைட்டானியம் அயனிகளைப் புளுட்டோனியத்தின் மேல் மோதவிட்டு 116-ஆம் தனிமத்தின் இரண்டு அணுக்களை உண்டாக்கிக் காட்டினார்கள். இருபத்திரண்டு நாள் கற்றை ஓடியது. டைட்டானியத்தை 1,650 டிகிரி அளவில் காய்ச்சி ஆவியாக்கி, பன்னிரண்டு எலெக்ட்ரான்களைக் கழற்றிக் கொடுத்தது வீனஸ். அறுபது வயது தாண்டிய இயந்திரம் உலகத்தின் முன்வரிசையில் நிற்கிறது. எழுபது தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு தனிச் சந்தோஷம் வருவது இயல்புதானே.

இங்கே என் உத்தியோக அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கோப்புகளில் புதுப் பணி என்று ஒரு தலைப்பு, பராமரிப்பு என்று ஒரு தலைப்பு. நான் இருந்த ஓர் இலாகாவில் புதிய நீர்த்தேக்கத் தொட்டி ஒன்றுக்கு அனுமதி மூன்றே மாதத்தில் வந்தது. திறப்பு விழா, பந்தல், கல்வெட்டு எல்லாம் நடந்தன. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய பழைய மோட்டாரை மாற்றச் சொல்லி எழுதிய கோப்பு நான்கு தடவை கேள்வியோடு திரும்பி வந்தது. ஒன்றரை வருஷம் அந்தத் தொட்டி காய்ந்து நின்றது. யாரும் கெட்டவர்கள் இல்லை. மோட்டாருக்கு யாரும் அடிக்கல் நாட்ட முடியாது, அவ்வளவுதான் விஷயம். அயனி ஊற்றுக்கும் அடிக்கல் கிடையாது. பட்ஜெட் உரையில் ஒரு வரி வராது. ஆகவே விஞ்ஞான நிர்வாகத்திலும் இதே நோய் வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. மீக்கடத்து காந்தம் வாங்கி வைத்துவிட்டால் முடிந்தது என்று இல்லை. வளையச் சுருளும் ஆறுமுனைச் சுருளும் ஒன்றையொன்று பயங்கரமான விசையோடு தள்ளும். கம்பி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்த இடம் சூடாகி, மீக்கடத்தும் குணம் ஒரே நொடியில் போய்விடும். உள்ளே பிறக்கிற எக்ஸ்-கதிர் வேறு குளிர்ப் பாத்திரத்தைச் சூடாக்கும். வீனஸுக்கே 2008-இல் அப்படி ஒரு முறிவு வந்து, ஆறுமுனைச் சுருளுக்கு மின்சாரம் கொண்டுபோகிற இணைப்புக் கம்பி எரிந்தது. பிரித்துச் சரிசெய்து மறுபடி ஓடவிட இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பழைய இரண்டு ஊற்றுகளும்தான் வண்டியை இழுத்தன. பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாயிற்று பாருங்கள்.

எல்லா இடத்துக்கும் மீக்கடத்தி வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்துக்கு ஈயம் கொடுக்கிற இன்றைய ஊற்றில் சாதாரணச் சுருளும் நிரந்தரக் காந்தமும்தான். அதன் வடிவமும் கிரெனோபிளில் பிறந்தது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் கார்பன் அயனிகளைப் பாய்ச்சிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்கிறார்கள். அங்கே இருப்பது பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று செய்த, முழுக்க நிரந்தரக் காந்தத்தால் ஆன ஊற்று. நான்கு எலெக்ட்ரான் கழற்றிய கார்பன் போதும் என்கிற இடத்தில் அது போதும். நோயாளி படுத்திருக்கும்போது கோளாறு இல்லாமல் ஓடுவதுதான் அங்கே முக்கியம். யுரேனியம் போன்ற கனமான அணுவில் முப்பதுக்கு மேல் கழற்ற வேண்டும், கற்றையும் கனமாக வேண்டும் என்றால்தான் மீக்கடத்தியிடம் போக வேண்டும். சீனாவில் லான்சோ நகரத்து ஆய்வகம் அந்த வழியில் வேகமாகப் போகிறது. அவர்கள் 45 ஜிகாஹெர்ட்ஸ் ஊற்றுக்காக நயோபியம்-வெள்ளீயக் கம்பியைக் கையில் எடுத்தார்கள். வெள்ளீயம் கலந்த அந்தக் கம்பி எளிதில் நொறுங்கக் கூடியது என்றும் தெரிந்தே எடுத்தார்கள்.

நம் நாட்டில் என்ன நிலை? கொல்கத்தாவில் 1977-இல் ஓடத் தொடங்கிய சைக்ளோட்ரான், பெர்க்லியின் அந்த 88 அங்குல இயந்திரத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. அதற்கும் பிற்பாடு ஈ.சி.ஆர். ஊற்று பொருத்திக் கன அயனிகளை ஓட்டினார்கள். டில்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக உள்ள முடுக்கி மையத்தில் 'பெல்லட்ரான்' என்ற கோபுர முடுக்கி இருக்கிறது. அதில் எதிர் மின்னேற்றமுள்ள அயனியைத்தான் உள்ளே விட முடியும். நியான், ஆர்கான் மாதிரியான வாயுக்கள் அப்படி அயனியாக மாறவே மாறா. அதற்கு மாற்றாகத்தான் அந்த மையத்தார் 'பி.கே.டெலிஸ்' என்ற ஊற்றைப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து செய்தார்கள்.

அதில் ஒரு விசேஷம் உண்டு, நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. உயர்வெப்ப மீக்கடத்திச் சுருள்களை வைத்து ஓடிய உலகத்தின் முதல் ஈ.சி.ஆர். ஊற்று அதுதான். உயர்வெப்பம் என்றால் கொதிக்கும் என்று நினைக்காதீர்கள். மைனஸ் 250 டிகிரி அளவில் வேலை செய்கிறது. மைனஸ் 269-ஐவிட அது அவர்களுக்கு வெயில் காலம்! ஊற்றை உயர் மின்னழுத்த மேடையில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அந்த மேடைக்கு நிறைய மின்சாரமும் குளிர்விக்கிற தண்ணீரும் ஏற்றுவது பெரிய தொல்லை. ஆகவே மின்சாரம் குறைவாகக் குடிக்கிற சுருளைத் தேடினார்கள். இதைக் குளிர்விக்கத் திரவ ஹீலியமும் வேண்டாம், மின்சாரத்தில் ஓடுகிற குளிரூட்டி போதும். ஹீலியத்துக்கு நாம் பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். (அந்த வாயுவின் மஞ்சள் கோடு 1868 சூரிய கிரகணத்தில் நம் மசூலிப்பட்டினத்துப் பக்கம் தொலைநோக்கி வைத்தவர்கள் கண்ணில் பட்டது ஒரு தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இல்லாத வசதிக்காக அழாமல், இருக்கிற மேடைக்கு ஏற்ற காந்தத்தை யோசித்தார்களே, அதை நான் மெச்சுகிறேன். சந்திரயானுக்குக் கைதட்டினோம், தட்ட வேண்டியதுதான். இந்த உருளைக்கும் ஒரு கை தட்டியிருக்கலாம்.

'ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு' என்று கேட்கிறவர்களும் நம்மில் உண்டு. நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுகிற பதில் இது: பணம் குறைவாக உள்ள நாட்டுக்குத்தான் இந்த வழி பொருந்தும். பணக்கார நாடு ஒன்று பழையதை மூடிவிட்டுப் பக்கத்தில் புதியது கட்டிக்கொள்ளும். நாம் கட்டிய முடுக்கிகள் ஒவ்வொன்றும் பல வருஷம் உழைத்து, பொதுப்பணத்தில் எழுப்பியவை. அவற்றின் கட்டடம் நன்றாக இருக்கிறது, காந்தம் நன்றாக இருக்கிறது, ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அவற்றின் வாயில் காலத்துக்கேற்ற ஊற்று இருக்கிறதா, அதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தெரிந்த இளைஞர்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்று பாராளுமன்றத்தில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். புதிதாக ஒரு பெரிய முடுக்கிக்குத் திட்டம் வந்தால், அதன் முதல் பக்கத்திலேயே ஊற்றுக்கு எவ்வளவு, அதன் பராமரிப்புக்கு வருஷா வருஷம் எவ்வளவு என்று தனி வரியாக எழுதச் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'இதர செலவுகள்' என்பதற்குள் அதைப் புதைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கோப்பு பார்த்த என் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ழெல்லேரின் பெயரில் இன்று ஒரு பரிசு இருக்கிறது. இந்தத் துறைக்காரர்கள் கூடுகிற மாநாட்டில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். பெரிய நோபல் இல்லை, செய்தித்தாளில் வராது. நம் டில்லியிலோ கொல்கத்தாவிலோ வேலை பார்க்கிற பிள்ளை ஒன்று அதை வாங்கினால், எனக்கு யாராவது சொல்லி அனுப்புங்கள். கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.